சுற்றுச்சூழலுக்கு மக்கள் தரும் மதிப்பைச் சர்வேயில் கணக்கிடுவது எப்படி: தெரிவுச் சோதனைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏரித் தண்ணீர் தெளிவாக இருப்பதற்கோ, கரையில் இன்னும் இருபது வகைப் பறவைகள் வந்து தங்குவதற்கோ சந்தையில் விலை கிடையாது. ஆனாலும் ஏரியைச் சீரமைக்கப் பணம் ஒதுக்குகிறவர்கள், இதனால் மக்களுக்கு எவ்வளவு நன்மை என்று கேட்கத்தான் செய்வார்கள். சர்வே மூலம் அதற்குப் பதில் தேடும் முறைகளில் இன்று மிகுதியாகக் கையாளப்படுவது தெரிவுச் சோதனை. பதிலளிப்பவர் முன் இரண்டு மூன்று திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு விலை உண்டு. இப்படி அமைந்த ஒரு கேள்விதான் ஓர் அட்டை. பலரிடம் பல அட்டைகளைக் காட்டித் திரட்டிய தேர்வுகளிலிருந்து, தண்ணீரின் தரம், பறவைகள் என்று திட்டத்தின் ஒவ்வொரு பண்புக்கும் மக்கள் எவ்வளவு செலுத்த முன்வருகிறார்கள் என்று கணக்கிடுகிறோம்.

கடைசியில் கிடைக்கும் அந்தத் தொகை ஒரு வகுத்தலின் விடை. மேலே பண்பின் குணகம், கீழே விலையின் குணகம். குணகம் என்பது, பண்போ விலையோ ஓர் அலகு கூடினால் அந்தத் திட்டத்தின்மீதுள்ள விருப்பம் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் எண். கீழே இருப்பது ஆட்டம் கண்டால், மேலே இருப்பதை எவ்வளவு நேர்த்தியாக மதிப்பிட்டிருந்தாலும் விடை கெட்டுவிடும். பண்புகளுக்கும் மாடலுக்கும் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, விலையை அரை மணி நேரத்தில் முடிவு செய்கிற ஆய்வுகள் ஏராளம். அதனால் இங்கே சொல்லப்போகும் படிகளில் பாதிக்கு மேல் விலைக் குணகத்தைக் காப்பாற்றுவதைப் பற்றியவை.

இந்த முறைதானா என்று முதலில் பாருங்கள்

மக்கள் நடத்தையிலேயே மதிப்பு தெரிகிறதென்றால் சர்வேயில் தொகை கேட்கத் தேவையில்லை. பூங்காவுக்கு வர ஆகும் பயணச் செலவு, மாசு குறைந்த இடத்தில் வீட்டு விலை கூடுவது போன்றவை உண்மையான நடத்தை. ஆனால் இதுவரை இல்லாத ஒரு நிலையை மதிப்பிட வேண்டுமென்றாலோ, ஒருபோதும் போய்ப் பார்க்காதவர்களும் 'அது இருக்கட்டும்' என்று நினைப்பதன் மதிப்பு வேண்டுமென்றாலோ சர்வே தவிர வேறு வழி இல்லை.

சர்வேக்குள்ளும் இரண்டு பாதைகள் உண்டு. ஒரே ஒரு திட்டத்தின் மொத்த மதிப்பு மட்டும் போதுமென்றால், 'இந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவு வரி என்றால் ஆதரித்து வாக்களிப்பீர்களா' என்ற ஒற்றைக் கேள்வி போதும். எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து 1989-இல் அலாஸ்கா கடலில் எண்ணெய் கொட்டிய பிறகு பெரும் வழக்காடலுக்கு உள்ளானது இந்த முறைதான். அதை ஆராய்ந்த கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ தலைமையிலான அமெரிக்க நிபுணர் குழு 1993-இல் தந்த அறிவுரைகள், அதாவது வாக்கெடுப்பு வடிவில் கேள், மாற்று இடங்களை நினைவூட்டு, நன்மையின் அளவு கூடினால் தொகையும் கூடுகிறதா என்று சோதி போன்றவை, தெரிவுச் சோதனைக்கும் அப்படியே பொருந்தும். தண்ணீருக்கு எவ்வளவு, பறவைகளுக்கு எவ்வளவு என்று பிரித்துத் தெரிய வேண்டுமென்றால் தெரிவுச் சோதனைக்கு வாருங்கள். ஒரு பொருளின் மதிப்பு அதன் பண்புகளில் இருக்கிறது என்று 1966-இல் பொருளாதார அறிஞர் லங்காஸ்டர் சொன்னதும், தேர்வுகளின் நிகழ்தகவைக் கணக்கிட 1974-இல் மெக்ஃபேடன் தந்த லாஜிட் மாடலும்தான் இதன் அடித்தளம். மெக்ஃபேடனுக்கு 2000-இல் பொருளாதார நோபல் கிடைத்தது.

படி 1: பண்புகளும் நிலைகளும்

விலையையும் சேர்த்து நான்கிலிருந்து ஆறு பண்புகள் போதும். அதற்கு மேல் போனால் பலர் இரண்டு மூன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள்.

பண்பு என்பது மக்களைத் தொடும் இறுதி விளைவாக இருக்க வேண்டும். 'லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் பாஸ்பரஸ்' என்பது விஞ்ஞானிக்குப் புரியும். குளிக்கலாமா, மீன் பிடிக்கலாமா என்பதுதான் பதிலளிப்பவருக்குப் புரியும். பாஸ்பரஸைக் கேட்டால் ஒவ்வொருவரும் மனதில் ஒரு விளைவைக் கற்பனை செய்துகொண்டு அதற்கு மதிப்புப் போடுவார்கள். நீங்கள் எதை அளந்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியாமல் போகும்.

காரணமும் விளைவும் ஒரே அட்டையில் தனித்தனிப் பண்புகளாக வரக்கூடாது. தண்ணீர் தெளிந்தால்தான் மீன் பெருகும் என்று தெரிந்தவரிடம் 'கலங்கிய தண்ணீர், நிறைய மீன்' என்ற திட்டத்தைக் காட்டினால், அட்டை முழுவதையுமே நம்ப மறுப்பார்.

இந்த வழிகாட்டி முழுவதும் பயன்படப்போகும் கற்பனை உதாரணம் ஓர் ஏரிச் சீரமைப்பு:

- தண்ணீரின் தரம்: மோசம் (இறங்கக்கூடாது), நடுத்தரம் (படகு விடலாம், மீன் பிடிக்கலாம்), நன்று (குளிக்கலாம்)
- பறவை வகைகள்: 20, 40, 60
- கரையோர நடைபாதை: இல்லை, உண்டு
- குடும்பம் ஒன்றுக்கு ஆண்டு வரி: 100, 200, 400, 600, 900, 1400 பண அலகுகள்

இவற்றோடு ஒவ்வொரு அட்டையிலும் 'இப்போதைய நிலை' என்ற மூன்றாவது வாய்ப்பு இருக்கும்: தரம் மோசம், பறவைகள் 20, நடைபாதை இல்லை, வரி 0. இந்த வாய்ப்பைத் தராமல் இரண்டு திட்டங்களில் ஒன்றைக் கட்டாயமாகத் தேர்ந்தெடுக்க வைத்தால், எதுவும் வேண்டாம் என்பவரும் ஏதோ ஒன்றைச் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கும். அந்தத் தரவிலிருந்து நலன் மதிப்பைக் கணக்கிட முடியாது.

நிலைகளின் எல்லை, நாளை அமலாகக்கூடிய திட்டங்களை உள்ளடக்க வேண்டும். 60 வகை வரைதான் கேட்டீர்கள் என்றால் 100 வகைக்கான மதிப்பை நீட்டித்துச் சொல்லாதீர்கள். எண்ணளவுப் பண்புக்கு மூன்று நிலைகளாவது இருந்தால்தான், முதல் இருபதுக்கும் அடுத்த இருபதுக்கும் மதிப்பு வேறுபடுகிறதா என்று பார்க்க முடியும். 'பறவைகள் 50% கூடும்' என்று மட்டும் எழுதுவதும் ஆபத்து. எதில் 50% என்பது ஒவ்வொருவர் மனதிலும் வேறு. எண்ணிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஆறிலிருந்து பத்துப் பேர் கொண்ட கலந்துரையாடல் குழுக்கள் இரண்டு மூன்றாவது நடத்தாமல் பண்புகளை இறுதி செய்யாதீர்கள். 'இந்த அட்டையை உங்கள் சொற்களில் சொல்லுங்கள்' என்று கேட்டாலே பாதிப் பிழைகள் வெளியே வந்துவிடும்.

படி 2: விலை

முதலில், பணம் எந்த வழியாகப் போகிறது? நன்கொடை என்று கேட்டால், 'நான் தராவிட்டாலும் மற்றவர்கள் தருவார்கள்' என்ற எண்ணம் வரும். சர்வேயில் தாராளமாகச் சொல்லிவிட்டு நேரில் கைவிரிக்கவும் வழி உண்டு. திட்டம் நிறைவேறினால் எல்லோரும் கட்டியாக வேண்டிய வரி அல்லது தண்ணீர்க் கட்டண உயர்வு போன்ற கட்டாய வழியே மேல். ஆனால் அந்த வழி மக்கள் நம்பக்கூடியதாக இருக்க வேண்டும். வரி என்ற சொல்லைக் கேட்டதும் கொதிப்பவர்கள் அதிகம் உள்ள இடத்தில், ஏரிக்கான மதிப்புக்குப் பதில் வரிமீதுள்ள கோபத்தையே அளந்து வைப்பீர்கள்.

இரண்டாவது, யார், எத்தனை முறை, எவ்வளவு காலம்? 'ஆண்டுக்கு' என்று மட்டும் எழுதி, எத்தனை ஆண்டு என்று சொல்லாமல் விட்டால் கடைசியில் மொத்த மதிப்பைக் கணக்கிடும்போது மாட்டிக்கொள்வீர்கள். 'உங்கள் குடும்பம், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஒரு முறை' என்று முழுதாக எழுதுங்கள். தனிநபரா குடும்பமா என்பதிலுள்ள குழப்பம் மட்டுமே விடையைப் பல மடங்கு மாற்றிவிடும்.

மூன்றாவது, தொகைகளின் எல்லை. முன்னோட்டத்தில் 'அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள்' என்று திறந்த கேள்வியாகக் கேட்டு, பதில்களின் பரவலைப் பாருங்கள். உச்ச விலையை ஏற்பவர் மிகச் சிலராகவே இருக்க வேண்டும். 1400 அலகிலும் நான்கில் ஒருவர் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால் உங்கள் உச்சம் போதவில்லை. அந்த நிலையில் விலைக் குணகம் பூச்சியத்தை நோக்கிச் சாயும், தொகை வீங்கும். மறுபுறம், யாருமே நம்பாத தொகையை வைத்தால் அட்டையைச் சீரியஸாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஐந்திலிருந்து ஏழு விலை நிலைகள் போதும். கீழே நெருக்கமாகவும் மேலே இடைவெளி விட்டும் வையுங்கள். 0 என்பதை இப்போதைய நிலைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். மேம்பட்ட திட்டத்துக்கு 0 போட்டால் அதை மறுக்க யாருக்கும் காரணம் இருக்காது.

படி 3: அட்டைகளை வடிவமைத்தல்

நம் உதாரணத்தில் 3 × 3 × 2 × 6 = 108 திட்டங்கள் சாத்தியம். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 5,778 ஜோடிகள். யாரிடமும் இவ்வளவையும் காட்ட முடியாது. 24 அட்டைகளைத் தேர்ந்து, நான்கு தொகுதிகளாகப் பிரித்து, ஒருவருக்கு ஆறு என்று கொடுத்தால் சரியாக இருக்கும். ஆறு எட்டைத் தாண்டினால் சோர்வு வரும். சோர்ந்தவர் கடைசி அட்டைகளில் பழக்கத்தில் டிக் அடிப்பார்.

அந்த 24-ஐத் தேர்ந்தெடுக்க, பண்புகள் ஒன்றோடொன்று தொடர்பற்று இருக்கும் செங்குத்து வடிவமைப்பை முன்பெல்லாம் பயன்படுத்தினார்கள். இப்போது திறன் வடிவமைப்பு வழக்கம்: குணகங்கள் சுமார் எவ்வளவு இருக்கும் என்ற முன்மதிப்பைக் கொடுத்தால், திட்டப்பிழைகள் (குணக மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவு) ஒட்டுமொத்தமாகக் குறையும்படி அட்டைகளை மென்பொருள் தேடித் தரும். இந்த அளவுக்கு டி-பிழை என்று பெயர். என்ஜீன் (Ngene) மென்பொருளிலும், ஆர் (R) நிரல்மொழியில் ஐடிஃபிக்ஸ் (idefix) தொகுப்பிலும் இதைச் செய்யலாம்.

முன்மதிப்பு எங்கிருந்து வரும்? முதல் சுற்றில் குறி மட்டும் சரியாக உள்ள சிறு எண்களைக் கொடுங்கள். விலைக்கு எதிர்மறை, தரத்துக்கு நேர்மறை. 50 முதல் 100 பேரிடம் முன்னோட்டச் சர்வே நடத்தி, அதில் கிடைத்த குணகங்களை வைத்து அட்டைகளை மறுபடி உருவாக்குங்கள். முன்னோட்டக் குணகம் துல்லியமற்றது என்பதால் அதை ஒற்றை எண்ணாகக் கொடுக்காமல் ஒரு பரவலாகக் கொடுப்பது பாதுகாப்பு.

மென்பொருள் தந்த அட்டைகளை அப்படியே ஏற்காமல் கண்ணால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாப் பண்பிலும் சிறந்து, விலையும் குறைந்த திட்டம் எதிரே இருந்தால் அந்த அட்டை எதையும் கற்றுத்தராது. ஆனால் இத்தகைய ஜோடிகளை நீக்கும்போது இன்னொரு வம்பு வரும். மீதமுள்ள ஒவ்வொரு அட்டையிலும் நல்ல திட்டமே விலை கூடியதாக இருக்கும். விலையும் தரமும் சேர்ந்தே ஏறினால், தேர்வு எதனால் நடந்தது என்று மாடலால் பிரிக்க முடியாது. நீக்கிய பிறகு, இரண்டு திட்டங்களுக்கிடையே உள்ள விலை வித்தியாசத்துக்கும் மற்றப் பண்பு வித்தியாசங்களுக்கும் உள்ள ஒட்டுறவைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

களத்துக்குப் போகுமுன் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பெரும்பாலோர் தவிர்த்துவிடுகிறார்கள்: போலித் தரவு. குணகங்களை நீங்களே நிர்ணயித்து, 300 கற்பனைப் பதிலளிப்பாளர்களை இந்த அட்டைகளில் தேர்வு செய்ய வைத்து, அந்தத் தரவில் மாடலை ஓட்டுங்கள். நூறு முறை திரும்பச் செய்யுங்கள். நீங்கள் வைத்த குணகங்கள் திரும்பக் கிடைக்கின்றனவா, விலைக் குணகத்தின் திட்டப்பிழை எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு நாள் வேலைதான். களச் செலவு முழுதும் போன பிறகு தெரிவதை விட இது மலிவு.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கும் அதிலேயே பதில் இருக்கிறது. கைக்கணக்காக ஒரு சூத்திரம் புழக்கத்தில் உண்டு: 500-ஐ அதிகபட்ச நிலை எண்ணிக்கையால் பெருக்கி, அட்டைகளின் எண்ணிக்கை × திட்டங்களின் எண்ணிக்கையால் வகுப்பது. நமக்கு 500 × 6 ÷ (6 × 2) = 250. இது அடிப்படை மாடலுக்கான தரைமட்டம் மட்டுமே. வருமானப் பிரிவுகளை ஒப்பிட வேண்டுமென்றால் ஒவ்வொரு பிரிவிலும் அவ்வளவு பேர் வேண்டும்.

படி 4: கேள்வித்தாள்

வரிசை இப்படி இருக்கட்டும்: ஏரியோடு அவர்களுக்குள்ள பழக்கம் பற்றிய எளிய கேள்விகள், பிரச்சினையின் விளக்கம், ஒவ்வொரு பண்பும் தனித்தனியாக, பணம் கட்டும் வழி, ஒரு பயிற்சி அட்டை, ஆறு அட்டைகள், பின்கேள்விகள், கடைசியில் வயது, வருமானம்.

அட்டைகளுக்கு முன் மூன்று விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். இந்த முடிவுகள் உண்மையான திட்டத் தேர்வில் பயன்படும் என்பது முதலாவது. தன் பதிலால் ஏதோ நடக்கும் என்று நம்புகிறவர்தான் உண்மையாக யோசிப்பார். கற்பனைப் பணம் என்றால் மக்கள் கூட்டிச் சொல்வது வழக்கம், உண்மையில் கட்டுவதாக நினைத்துச் சொல்லுங்கள் என்ற எச்சரிக்கை இரண்டாவது. இந்தப் பணம் போனால் வேறு செலவுக்கு இருக்காது, வேறு ஏரிகளும் உண்டு என்ற நினைவூட்டல் மூன்றாவது. எச்சரிக்கை வாசகம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. பதிலுக்கு விளைவு உண்டு என்று நம்பவைப்பதே அதைவிட முக்கியம். 'உங்கள் பதில் முடிவைப் பாதிக்கும் என்று எந்த அளவு நம்புகிறீர்கள்' என்று பின்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொகுதி, அட்டைகளின் வரிசை, இடது வலது எல்லாம் குலுக்கலில் வரட்டும். ஒவ்வொரு அட்டைக்கும் ஆன நேரத்தையும் பதிவு செய்யுங்கள்.

ஆறு அட்டையிலும் இப்போதைய நிலையையே தேர்ந்தவரிடம் காரணம் கேட்பது கட்டாயம். 'என்னால் கட்ட இயலாது', 'எனக்கு ஏரி முக்கியமில்லை' என்பவை உண்மையான பூச்சிய மதிப்பு. அவர்கள் தரவில் இருக்க வேண்டும். 'மாசுபடுத்தியவர்கள் கட்டட்டும்', 'அரசை நம்பவில்லை' என்பவை எதிர்ப்புப் பதில்கள். அவர்களுக்கு ஏரிமீது மதிப்பு இருக்கலாம், கேள்வியைத்தான் மறுக்கிறார்கள். எதிர்ப்பாளர்களைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு முடிவை வெளியிடுவது சரியல்ல. சேர்த்து ஒரு முறை, நீக்கி ஒரு முறை என்று இரண்டையும் காட்டுங்கள்.

படி 5: தரவும் குறியீடும்

ஒவ்வொரு வாய்ப்புக்கும் ஒரு வரி. 400 பேர் × 6 அட்டை × 3 வாய்ப்பு = 7,200 வரிகள். ஒவ்வொரு அட்டையிலும் தேர்வுப் பத்தியின் கூட்டல் 1 வருகிறதா என்று முதலில் சரிபாருங்கள். இப்போதைய நிலைக்கான வரிகளில் பண்பு மதிப்புகளைக் காலியாக விடாமல் 'மோசம், 20, இல்லை, 0' என்று நிரப்புங்கள். அதற்கென ஒரு தனி மாறிலியையும் சேருங்கள். அந்த வரியில் 1, மற்ற இரண்டில் 0. விலையை 100-ஆல் வகுத்துக் கொடுத்தால் கணினி எளிதாக விடைக்கு வந்து சேரும். தொகையைக் கணக்கிடும்போது திரும்பப் பெருக்க மறக்க வேண்டாம்.

தர நிலைகளை இரண்டு விதமாகக் குறிக்கலாம். 0, 1 குறியீட்டில் 'மோசம்' அடிப்படை. கிடைக்கும் குணகம் நேரடியாக மோசத்திலிருந்து உள்ள மாற்றம். விளைவுக் குறியீட்டில் அடிப்படை நிலைக்கு −1 போடுவார்கள். குணகங்கள் சராசரியிலிருந்து உள்ள விலகல். இங்கேதான் அடிக்கடி தவறு நடக்கிறது. விளைவுக் குறியீட்டில் நன்று 0.4, நடுத்தரம் 0.1 என்று வந்தால், மோசத்தின் மதிப்பு −0.5. மோசத்திலிருந்து நன்றுக்கு மாறுவது 0.4 அல்ல, 0.9. விலைக் குணகம் −0.0015 என்றால் சரியான தொகை 600. தவறாகப் போட்டால் 267.

படி 6: முதல் மாடல்

எளிய பல்தெரிவு லாஜிட்டில் தொடங்குங்கள், கடைசியில் எந்த மாடலுக்குப் போவதாக இருந்தாலும். ஆர் மொழியில் எம்லாஜிட், அப்போலோ தொகுப்புகள், பைத்தானில் பயோஜீம், அல்லது ஸ்டேட்டா எதுவும் போதும். ஒருவரே ஆறு முறை தேர்ந்திருப்பதால், திட்டப்பிழைகளை நபர்வாரியாகத் தொகுத்துக் கணக்கிட வேண்டும்.

இப்படி விடை வந்ததாக வைத்துக்கொள்வோம்: நடுத்தரம் 0.60, நன்று 0.90, ஒரு பறவை வகைக்கு 0.012, நடைபாதை 0.18, இப்போதைய நிலை மாறிலி 0.45, ஓர் அலகு விலைக்கு −0.0015.

ஓர் அட்டையைக் கையால் போட்டுப் பாருங்கள். முதல் திட்டம்: நன்று, 40 பறவைகள், நடைபாதை இல்லை, 400 அலகு. பயன்பாடு, அதாவது திட்டம் தரும் நிறைவின் அளவு (பறவைகளில் இப்போதுள்ள 20-க்கு மேல் கூடும் 20-ஐ மட்டும் எண்ணி): 0.90 + 0.24 − 0.60 = 0.54. இரண்டாவது: நடுத்தரம், 20 பறவைகள், நடைபாதை உண்டு, 200 அலகு. 0.60 + 0.18 − 0.30 = 0.48. இப்போதைய நிலை 0.45. 2.718-ஐ இந்த அடுக்குகளுக்கு உயர்த்தினால் 1.716, 1.616, 1.568, கூட்டல் 4.900. ஆக நிகழ்தகவுகள் முறையே 35%, 33%, 32%. அந்த அட்டையைப் பார்த்தவர்கள் உண்மையில் பிரிந்த விதம் இதற்குப் பக்கத்தில் இல்லையென்றால், மாடலில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

பிறகு, விலையை ஒரே எண்ணாகக் கொடுக்காமல், ஒவ்வொரு விலை நிலைக்கும் தனி 0, 1 மாறி கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். குணகங்கள் 100-இலிருந்து 1400 வரை படிப்படியாக இறங்க வேண்டும். 900-க்கும் 1400-க்கும் இடையே இறக்கமே இல்லையென்றால், ஒரு பகுதியினர் விலையையே பார்க்கவில்லை. அட்டை நேரங்களையும் பின்கேள்விகளையும் அவர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகாது, ஆனால் ஒரு பக்கம் நீளும் மாடல் பொருத்த அளவைகளை விட அதிகம் சொல்லும்.

படி 7: மக்கள் ஒரே மாதிரி இல்லை

எளிய லாஜிட், எல்லோருக்கும் ஒரே விருப்பம் என்று எடுத்துக்கொள்கிறது. கலப்பு லாஜிட்டில் குணகங்கள் நபருக்கு நபர் ஒரு பரவலாக மாறும். பண்புகளுக்கு மணி வடிவமுள்ள இயல்நிலைப் பரவல் பெரும்பாலும் போதும். விலைக்கு அதைக் கொடுக்காதீர்கள். இயல்நிலைப் பரவலின் ஒரு பகுதி பூச்சியத்தைத் தொடும், தாண்டும். பூச்சியத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்ணால் வகுத்தால் தொகை எல்லையின்றிப் போகும். அந்த விகிதத்துக்குச் சராசரி என்ற ஒன்றே கணிதத்தில் கிடையாது. கணினி ஏதோ ஓர் எண்ணை அச்சிட்டுத் தரும், அவ்வளவுதான்.

வழிகள் மூன்று. விலைக் குணகத்தை எல்லோருக்கும் ஒன்றாக நிறுத்தி வைப்பது எளிது, ஆனால் ஏழைக்கும் பணக்காரருக்கும் பணத்தின் அருமை ஒன்றே என்று சொல்வதாகிறது. விலைக்கு மடக்கை இயல்நிலைப் பரவலைக் கொடுத்தால் குறி எப்போதும் சரியாக இருக்கும். பூச்சியத்துக்கு மிக அருகே வருபவர்களால் சராசரி வீங்கும் ஆபத்து மட்டும் உண்டு. மூன்றாவது, 2005-இல் டிரெய்ன், வீக்ஸ் இருவரும் விளக்கிய வழி: மாடலையே தொகையின் அலகில் எழுதி, தொகையின் பரவலை நேரடியாக மதிப்பிடுவது. வகுத்தல் இல்லை, விபரீதத் தொகைகளும் குறையும். விடைக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். எளிய லாஜிட்டின் தொகைகளையே தொடக்க மதிப்பாகக் கொடுங்கள். கலப்பு லாஜிட்டைத் தேர்ந்தால், நியாயமான முதல் தேர்வு இந்த மூன்றாவது வழிதான்.

கலப்பு லாஜிட்டை மதிப்பிடக் கணினி அந்தப் பரவலிலிருந்து எண்களைக் குலுக்கி எடுக்கிறது. அந்தக் குலுக்கல்களின் எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. 100 குலுக்கலில் கிடைத்த விடையை நம்பாதீர்கள். 500, 1000, 2000 என்று ஏற்றிக்கொண்டே போய், குணகங்கள் நிலைத்துவிட்டனவா என்று பாருங்கள். வேறு வேறு தொடக்க மதிப்புகளிலிருந்து இரண்டு மூன்று முறை ஓட்டுவதும் அவசியம். மிகப் பொருத்தமான விடையை எட்டாமல் அருகிலுள்ள சிறு முகட்டில் மாடல் நின்றுவிடக்கூடும்.

மக்களைச் சில குழுக்களாகப் பிரிக்கும் மறைவகுப்பு மாடல், முடிவெடுப்பவர்களுக்கு விளக்க எளிது. இரண்டிலிருந்து ஐந்து வகுப்பு வரை ஓட்டிப் பார்த்து, மாடலின் பொருத்தத்தைச் சிக்கலோடு சேர்த்து எடைபோடும் தகவல் அளவையோடு, வகுப்புகளுக்குப் பொருள் இருக்கிறதா என்பதையும் பார்த்துத் தேருங்கள். ஏதாவது ஒரு வகுப்பில் விலைக் குணகம் பூச்சியத்திலிருந்து வேறுபடாமல் வருவது வழக்கம். அந்த வகுப்புக்கென ஒரு தொகையைப் போட்டுச் சராசரியில் கலந்துவிடாதீர்கள். அவர்கள் வள்ளல்கள் என்று அதற்குப் பொருளில்லை. விலையைப் பார்க்காதவர்கள் என்பதே சரி.

இரண்டு சர்வேகளின் குணகங்களை நேரடியாக ஒப்பிடுவதும் கூடாது. ஒரு கூட்டம் குழப்பத்தோடு பதில் சொல்லியிருந்தால் அதன் எல்லாக் குணகங்களும் சேர்ந்தே சுருங்கும். விகிதத்தில் அந்தச் சுருக்கம் அடிபட்டுப் போவதால், தொகைகளை ஒப்பிடலாம்.

படி 8: தொகையும் அதன் இடைவெளியும்

தொகை = −(பண்பின் குணகம் ÷ விலைக் குணகம்). நம் எண்களில் நன்றுக்கு 600, நடுத்தரத்துக்கு 400, ஒரு பறவை வகைக்கு 8, நடைபாதைக்கு 120 அலகு.

ஒற்றை எண்ணாக இதை வெளியிடக்கூடாது. நன்றின் திட்டப்பிழை 0.12, விலையின் திட்டப்பிழை 0.0002, இரண்டுக்கும் இடையே உள்ள இணைமாறுபாடு (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு) புறக்கணிக்கத்தக்கது என்று கொள்வோம். தொகையின் மாறுபாடு (திட்டப்பிழையின் வர்க்கம்) = (0.12² + 600² × 0.0002²) ÷ 0.0015² = (0.0144 + 0.0144) ÷ 0.00000225 = 12,800. வர்க்கமூலம் 113. உண்மைத் தொகை இருக்கக்கூடிய 95% நம்பிக்கை இடைவெளி 378 முதல் 822 வரை. அடைப்புக்குள் இருக்கும் இரண்டு பகுதிகளையும் பாருங்கள்: நிச்சயமின்மையில் சரிபாதி விலைக் குணகத்திலிருந்து வருகிறது. விலையின் திட்டப்பிழை மட்டும் 0.0004 ஆக இரட்டித்திருந்தால் இடைவெளி 249 முதல் 951 வரை விரியும். பறவைக்கும் நடைபாதைக்கும் அதே வகுக்கும் எண்தான் என்பதால், எல்லாத் தொகைகளும் ஒரே நேரத்தில் மங்கும்.

உண்மைத் தரவில் இணைமாறுபாட்டையும் சேர்க்க வேண்டும். இந்தக் கைக்கணக்கு இடைவெளியைச் சமச்சீராகக் காட்டும். விகிதங்களின் பரவல் பொதுவாக வலப்பக்கம் நீண்டிருக்கும். அதனால் கிரின்ஸ்கி, ராப் 1986-இல் தந்த வழி புழக்கத்தில் உண்டு: மதிப்பிட்ட குணகங்களையும் அவற்றின் இணைமாறுபாட்டு அணியையும் கொண்டு 10,000 குணகத் தொகுப்புகளைக் குலுக்கி, ஒவ்வொன்றிலும் தொகையைக் கணக்கிட்டு, 2.5, 97.5 சதமான எல்லைகளை எடுப்பது. இரண்டு குழுக்களின் தொகை வேறுபடுகிறதா என்று பார்க்க, இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று கண்ணால் பார்ப்பது போதாது. இரு பக்கக் குலுக்கல்களின் வித்தியாசங்களை எடுத்து, அவற்றில் எத்தனை பங்கு பூச்சியத்துக்குக் கீழே என்று எண்ணுங்கள்.

படி 9: திட்டத்தின் மதிப்பு

முடிவெடுப்பவர் கேட்பது முழுத் திட்டத்தை. தரம் நன்று, பறவைகள் 40, நடைபாதை உண்டு என்றால் 600 + 160 + 120 = 880 அலகு. ஆனால் இப்போதைய நிலை மாறிலி 0.45 இருக்கிறதே? அதன் தொகை 300. அதைக் கழித்தால் 580. மாற்றத்தையே விரும்பாத மனநிலை உண்மையான விருப்பம் என்று நினைத்தால் 580 சரி. சர்வேயின் சிக்கலால் வந்த தயக்கம் என்றால் 880 சரி. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. எதைத் தேர்ந்தீர்கள் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள், இரண்டு எண்களையும் கொடுங்கள். முடிவு இந்த ஒரு தேர்விலேயே தலைகீழாக மாறக்கூடும்.

ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவது மட்டும் என்றால் இந்தக் கூட்டல் போதும். மக்கள் பல ஏரிகளில் ஒன்றுக்குப் போகிறார்கள், அவற்றில் ஒன்று மட்டும் மேம்படுகிறது என்றால் மடக்கைக் கூட்டல் சூத்திரம் வேண்டும்: எல்லா வாய்ப்புகளின் அடுக்கேற்ற மதிப்புகளையும் கூட்டி இயல் மடக்கை எடுத்து, திட்டத்துக்குப் பின், முன் இரண்டின் வித்தியாசத்தை விலைக் குணகத்தின் அளவால் வகுப்பது.

கடைசியாக மக்கள்தொகைக்கு விரிப்பது. அளவில் பெரிய பிழைகள் இங்கேதான் நுழைகின்றன. சர்வே குடும்பத்துக்கு என்று கேட்டிருந்தால் குடும்ப எண்ணிக்கையால் பெருக்க வேண்டும், ஆட்களின் எண்ணிக்கையால் அல்ல. பதில் சொன்னவர்களில் படித்தவர்களும் ஏரிமேல் ஆர்வமுள்ளவர்களும் கூடுதலாக இருந்தால், வயது, வருமானம், கல்வி ஆகியவற்றின்படி எடையிட்டுத் திருத்துங்கள். ஆர்வத்தை எடையால் திருத்த முடியாது என்பதால், பதில் தராதவர்களுக்குப் பூச்சியம் என்று வைத்து ஒரு குறைந்தபட்ச மதிப்பையும் கணக்கிட்டுப் பக்கத்தில் வையுங்கள். எவ்வளவு தூரம் வரை உள்ள குடும்பங்களைச் சேர்ப்பது என்பதை நிர்வாக எல்லை தீர்மானிக்கக் கூடாது. தூரத்தை மாடலில் ஒரு மாறியாகச் சேர்த்து, தொகை எங்கே பூச்சியத்தை நெருங்குகிறது என்று பார்த்து அங்கே நிறுத்துங்கள். ஐந்து ஆண்டு வரி என்று கேட்டிருந்தால் ஐந்து ஆண்டுகளுக்கான இன்றைய மதிப்பை மட்டும் கூட்டுங்கள், திட்டத்தின் பயன் ஐம்பது ஆண்டு நீடித்தாலும். மக்கள் ஒப்புக்கொண்ட தொகை அவ்வளவுதான்.